குரூப் 4 கலந்தாய்வில் வரித்தண்டலர் பணியை எடுக்கலாமா? சம்பளமும் வேலையும் எப்படி இருக்கும்?

உங்கள் தங்கைக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்திருக்கிறது. இளநிலை உதவியாளர் இடம் தூரத்து மாவட்டத்தில்தான் கிடைக்கும் போலிருக்கிறது, வரித்தண்டலர் இடம் பக்கத்து நகராட்சியிலேயே இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் குரூப் 4 எழுதி வந்தவள்தான். ஒரு நகராட்சியில் பத்து வருடத்துக்கு மேலாக வரி வசூலிக்கிறேன். பணி ஆணையில் வரித்தண்டலர், ஆபீசில் பில் கலெக்டர், தெருவில் 'வரிக்காரம்மா'. எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் சம்பளம். காகிதத்தில் இரண்டு பணிக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே ஊதிய நிலை 8, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 11,310 சேர்ந்து 30,810. இதன்மேல் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படி 300 ரூபாயும் வரும். பிடித்தம் என்று பார்த்தால் பெரியது ஓய்வூதியப் பங்களிப்பு. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்த எல்லோரையும் போல எனக்கும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் போகிறது. புதிதாகச் சேர்பவருக்கு அதுவே மூவாயிரத்தைத் தாண்டும். வருடம் 3 சதவீதம் ஊதிய உயர்வு, அதே பதவியிலேயே சம்பளம் ஒரு படி ஏறும் தேர்வு நிலை பத்து வருடத்தில், சிறப்பு நிலை இருபதில், பொங்கலுக்கு 3,000 ரூபாய் போனஸ். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்குவதை 2020-ல் நிறுத்தினார்கள், 2025 அக்டோபரில்தான் திரும்பக் கொடுத்தார்கள். இதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதில். கலெக்டர் ஆபீஸ் இளநிலை உதவியாளருக்குக் கருவூலத்திலிருந்து வருகிறது. எங்களுக்கு நகராட்சியின் பொது நிதியிலிருந்து. வரி வசூலானால் அந்த நிதியில் பணம் இருக்கும். இல்லாவிட்டால் அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் மாநில நிதி ஆணைய மானியம் எப்போது வரும் என்று கணக்குப் பிரிவு காத்திருக்கும், கூடவே நாங்களும் காத்திருப்போம். நான் சேர்ந்த இரண்டாவது வருடம் சம்பளம் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கடன் தவணை திரும்பிப்போன குறுஞ்செய்தி இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. சொத்து வரி நன்றாக வரும் பெரிய மாநகராட்சிகளில் இந்தத் தொல்லை குறைவு. சின்ன ஊர் என்றால் தங்கை சேருமுன் அங்கே வேலை பார்க்கும் யாரிடமாவது, "போன மாசம் சம்பளம் எத்தனாம் தேதி விழுந்தது?" என்று கேட்டுவிடுங்கள். வேறு எந்த விசாரிப்பையும்விட இது உபயோகப்படும்.

அப்புறம் வேலை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, காலிமனை வரி, இவைதான் எங்கள் சோறு. வருடத்தில் இரண்டு அரையாண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஒவ்வொருவர் பெயருக்கும் வார்டு உண்டு. அந்த வார்டுக்குக் கேட்பு (வரவேண்டிய மொத்த வரி), வசூல், நிலுவை என்று மூன்று எண் உண்டு. வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பில் எத்தனை சதவீதம் வசூல் என்று வாசிப்பார்கள். இளநிலை உதவியாளரின் மேஜையில் கோப்பு தேங்கினால் அது அவருக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரியும். என் வார்டு 62 சதவீதத்தில் நிற்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். சதவீதம் விழுந்தால் மெமோ, பதில் திருப்தி இல்லாவிட்டால் ஊதிய உயர்வை நிறுத்துவது வரைக்கும் போகும். இலக்கைத் தாண்டினால் கூடுதலாக ஒரு ரூபாய் கிடையாது. ஒருமுறை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பீரோவில் இருக்கிறது.

நிலுவை என்றால் எல்லாம் ஏய்ப்பு என்று நினைக்காதீர்கள். என் வார்டில் பாதி நிலுவை, அப்பா இறந்து மூன்று பிள்ளைகள் வழக்குப் போட்டிருக்கும் வீடுகள், சிங்கப்பூரில் இருப்பவரின் பூட்டிய வீடு, ஒரே கட்டடத்துக்குத் தவறுதலாக இரண்டு வரிவிதிப்பு எண் விழுந்தவை. இல்லாத கேட்பை நீக்க நான் எழுதிய கோப்பு நான்கு வருடமாகச் சுற்றுகிறது. அதுவரை அது என் சதவீதத்தைத்தான் இறக்கும். தணிக்கைக்கு வருபவர்கள் காலங்கடந்த நிலுவைக்கு யார் பொறுப்பு என்று குறிப்பு எழுதும்போதும் என் பெயர்தான் வரும்.

2022-ல் சொத்து வரி உயர்ந்தபோது பட்டதைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் பக்கம் குடியிருப்பு வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். இங்கே 2008-க்குப் பிறகு உயர்த்தவே இல்லை, அதனால் ஒரேயடியாக ஏறியது. அரசாணை போட்டவர்கள் சென்னையில், நோட்டீஸ் நீட்டியது நான். ஒரு பெரியவர், "நீயா ஏத்துன?" என்று கேட்டு நோட்டீஸைக் கிழித்து என் வண்டி மேலேயே போட்டார். அடுத்த வாரம் வந்து முழுதும் கட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார், அது வேறு விஷயம். தொழில் உரிமம் எங்கள் ஊரில் சுகாதாரப் பிரிவின் வேலை. ஆனால் சலூன்காரருக்கும் மாவுமில்காரருக்கும் முகம் தெரிந்தவர்கள் நாங்கள்தானே. உரிமக் கட்டணம் ஏறினாலும் திட்டு எங்களுக்கே.

பணம் கையாள்வது இன்னொரு தலைவலி. இப்போது கையடக்க மெஷின், ஜிபே எல்லாம் வந்து பாரம் பாதி குறைந்துவிட்டது. முன்பு ரசீதுப் புத்தகம்தான். வசூலை உரிய நேரத்தில் கட்டாமல் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தாலும் அதற்குப் பெயர் 'தற்காலிகக் கையாடல்'. காய்ச்சலில் படுத்துவிட்டேன் என்பதெல்லாம் விளக்கத்தில் எழுதலாம், அவ்வளவுதான். ஒரு கள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தால் நம் பையிலிருந்துதான் போகும். எனக்கு இதுவரை மூன்று. பெட்ரோலும் அப்படியே. தினம் இருபது கிலோமீட்டர் ஸ்கூட்டியில் சுற்றுகிறேன், மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. சம்பளத்தைக் கணக்குப் போடும்போது அதைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

பெண் என்பதால் ஒன்று சொல்கிறேன். வார்டில் காலை எட்டரைக்கு இறங்கினால் மதியம் வரை கழிப்பறைக்கு வழியில்லை. யார் வீட்டில் தயங்காமல் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் என் மனதில் இருக்கிறது, அதை வைத்துத்தான் அன்றைய தெருவைத் தீர்மானிப்பேன். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும்.

'மேல்வருமானம்' பற்றி யாராவது தங்கையிடம் கண்ணடித்துச் சொல்வார்கள். புது வரிவிதிப்புக்கும் பெயர் மாற்றத்துக்கும் பணம் கேட்டு, ரசாயனம் தடவிய நோட்டுடன் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் மாட்டும் செய்திகளில் பில் கலெக்டர்கள் அடிக்கடி வருகிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. வாங்காதவர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. என் மாமியார் வீட்டில் முதல் இரண்டு வருடம் நான் நகை எடுத்தால் ஒரு பார்வை இருந்தது. அது நகைச்சீட்டுப் பணம்.

சரி, எதை எடுப்பது? தங்கைக்கு வண்டி ஓட்டத் தெரிந்து, முன்பின் தெரியாதவரிடம் பேசத் தயக்கமில்லை என்றால் பக்கத்து நகராட்சியை எடுக்கலாம். வேறு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கினால் வாடகையும் சாப்பாடும் மாதம் எட்டாயிரம் தின்றுவிடும், 19,500-ல் தொடங்குபவருக்கு அது பெரிய தொகை. அதைவிட இங்கே திட்டு வாங்கலாம். ஆனால் தொடர்ந்து குரூப் 2-க்குப் படிக்க நினைக்கிறாள் என்றால் தூரமானாலும் இளநிலை உதவியாளர்தான். எங்கள் வேலையில் ஜனவரியிலிருந்து மார்ச் 31 வரை புத்தகத்தைத் தொட முடியாது. சனி ஞாயிறும் வசூல் மையம் திறந்திருக்கும், அதற்கு ஓவர்டைம் கிடையாது. என் தம்பி கல்யாணம் மார்ச் மாதத்தில் வந்தது. முகூர்த்தத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு, பட்டுப்புடவையோடு பதினொரு மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தேன். வரி கட்ட வந்தவர்கள், "என்ன மேடம், இன்னைக்கு விசேஷமா?" என்று கேட்டார்கள்.