ரசம் கொட்டிய புண் ஆறியும் முழங்கை நீளவில்லை என்ற கேள்விக்கு

மகள் அழுகிறாள் என்பதற்காக, கையை நீட்டி வைக்கக் கட்டிய ஸ்பிளின்ட்டை இரவில் கழற்றாதீர்கள். கொதிக்கும் ரசம் கொட்டிய புண் ஆறிய பிறகும் அவளுடைய முழங்கை நீளாமல் இருப்பதற்கு, பெரும்பாலும் ஆறுகிற தோல் சுருங்கி இழுப்பதே காரணம். குழந்தைக்குக் கையை மடக்கி வைப்பதுதான் சுகமாக இருக்கும், தழும்பும் அப்படியே இறுகிவிடும். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பது பெற்றவர்களுக்கு எவ்வளவு கொடுமை என்பது புரிகிறது.

குளிப்பாட்டி எண்ணெய் தடவிய பின் கையை மெல்ல நீட்டிப் பாருங்கள். உள்மடிப்பில் தோல் வெளுத்துக் கயிறுபோல் புடைத்தால் சுருக்கம்தான். மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல், சிகிச்சை பெற்ற இடத்திலோ சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலோ டிஸ்சார்ஜ் சம்மரியுடன் காட்டுங்கள்.

தோல் வெடிப்போ சீழோ காய்ச்சலோ இருந்தால் நீட்டிப் பார்க்கவே வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.