வெற்றிடத்தில் எது ஆடுகிறது?

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுக்கிறேன். ஒலிக்கு ஊடகம் வேண்டும், ஒளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவது வழக்கம். இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன் விடவில்லை. "தண்ணி அலையில தண்ணி ஆடுது, சத்தத்துல காத்து ஆடுது. சூரியனுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லைன்னா, எது மிஸ் ஆடுது?" என்றான். மின்புலமும் காந்தப்புலமும் ஆடுகின்றன என்றேன். "புலம்னா என்ன மிஸ், அது ஒரு பொருளா?" என்றான். புத்தகத்தில் உள்ள படத்தைப் பலகையில் வரைந்து காட்டினேன். அவனுக்குத் திருப்தியில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் இல்லை. புலம் என்பது கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டதா, நிஜமாகவே அங்கே இருக்கிறதா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிஜமாகவே இருக்கிறது. ஏன் அப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். காரணம் இல்லாமல் சொன்னால், 'ஒளிக்கு ஊடகம் தேவையில்லை' என்பதைப் போல இதுவும் இரண்டு மதிப்பெண் விடையாகச் சுருங்கிவிடும்.

முதலில் அந்தப் படத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒரு நேர்கோடு, அதன்மேல் மேலும் கீழுமாக நெளியும் ஒரு வளைவு, பக்கவாட்டில் நெளியும் இன்னொரு வளைவு. இதைப் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒளி பாம்பு மாதிரி நெளிந்து போகிறது என்றே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். படத்தில் ஒளி செல்லும் பாதை அந்த நேர்கோடுதான். கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு நிற்கிறது. அந்தப் புள்ளியில் ஒரு மின்சுமையை வைத்தால் அதை எந்தப் பக்கம், எவ்வளவு வலுவாகத் தள்ளும் என்பதை அந்த அம்பு சொல்கிறது. அம்பின் நீளத்தைச் சென்டிமீட்டரில் படிக்கக் கூடாது. 'மீட்டருக்கு இத்தனை வோல்ட்' என்று படிக்க வேண்டும். அம்பு நுனிகளைச் சேர்த்து வரைந்த கோடுதான் அந்த வளைவு. நுனியில் எந்தப் பொருளும் இல்லை, எதுவும் பக்கவாட்டில் நகர்ந்து அங்கே போகவும் இல்லை.

வானிலைப் படத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வெப்பநிலை போட்டிருக்கும். காலையில் 26 என்று இருந்த ஊரில் மதியம் 37 என்று ஆகும். எண் ஏறியிருக்கிறது; அதற்காக ஊரில் எதுவும் மேலே போய்விடவில்லை. புலமும் இப்படித்தான் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும் ஓர் அளவு. பச்சை ஒளி வரும் வழியில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், அங்கே மின்புலம் நொடிக்குச் சுமார் 545 லட்சம் கோடி முறை மேலே, கீழே என்று திசை மாறுகிறது. 'ஆடுகிறது' என்றால் இதுதான். பூமியின் காற்று மண்டலத்துக்கு வெளியே சூரிய ஒளியின் மின்புலம் சராசரியாக மீட்டருக்கு 700 வோல்ட் அளவுக்கு இருக்கிறது. சின்ன எண் இல்லை.

இந்த இடத்தில் உங்கள் மாணவன் குறுக்கிடுவான், குறுக்கிட வேண்டும். வெப்பநிலை காற்றினுடையது, காற்றை எடுத்துவிட்டால் அதன் வெப்பநிலையும் இல்லை. புலம் எதனுடையது? 19ஆம் நூற்றாண்டு முழுக்க மேதைகள் இதே கேள்வியோடுதான் போராடினார்கள். பெரும்பாலோர் சொன்ன பதில் ஈதர். வெளியெங்கும் நிறைந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொருள் அது, அதன் அசைவே ஒளி என்றார்கள். ஆனால் ஒளி குறுக்கலை, அதாவது செல்லும் திசைக்குச் செங்குத்தாக ஆடும் அலை. குறுக்கலை உள்ளே ஊடுருவிப் போக விறைப்பான திடப்பொருள் வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒளியின் வேகத்துக்கு ஈதர் தன் அடர்த்தியோடு ஒப்பிடும்போது எஃகைவிட விறைப்பாக இருக்க வேண்டும். கோள்கள் அதற்குள் தடையே இல்லாமல் சுற்றவும் வேண்டும். 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மோர்லியும் ஈதர் வழியே பூமி போவதன் அடையாளத்தை ஒளியைக் கொண்டே தேடினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்று எழுதினார்.

இதற்கெல்லாம் வெகு முன்பே ஈதரைத் தள்ளிவைக்கப் பார்த்தவர் ஆங்கில விஞ்ஞானி ஃபாரடே. கொல்லரின் மகன், புத்தகம் பைண்டிங் செய்யப் பழகிய பையன், உயர் கணிதம் படிக்காதவர். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிவரியாக நிற்பதைப் பார்த்து, அந்த விசைக்கோடுகள் வெறும் வரைபட உதவி இல்லை, வெளியில் இருப்பவை என்று நினைக்கத் தொடங்கினார். 1846இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் உரையில், அதிர்வை வைத்துக்கொண்டு ஈதரை விட்டுவிடலாமா, ஒளி விசைக்கோடுகளின் நடுக்கமாக இருக்கலாமா என்று கேட்டார். உங்கள் மாணவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இந்த மனிதரைத்தான் அவனுக்கு முதலில் அறிமுகப்படுத்தத் தோன்றுகிறது. சமன்பாடு எதுவும் இல்லாமல், சரியான கேள்வியோடு நின்றவர்.

சமன்பாடு ஸ்காட்லாந்து இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லிடம் வந்தது. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்பது ஃபாரடே 1831இல் கண்டது; டைனமோ ஓடுவது அதனால்தான். மாறும் மின்புலமும் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்பதை மாக்ஸ்வெல் சேர்த்தார். இரண்டும் சேர்ந்தால் மின்சுமை அருகில் இல்லாத இடத்திலும் புலம் தன்னைத் தானே முன்னே கொண்டுசெல்லும். எந்த வேகத்தில்? 1861இல் ஸ்காட்லாந்தில் தன் ஊரில் இருந்தபடி சூத்திரத்தை வருவித்தார். போட வேண்டிய எண் அப்போது கையில் இல்லை. அது ஜெர்மன் இயற்பியலாளர்கள் வெபரும் கோல்ராஷும் 1856இல், மின்சுமையைச் சேமித்துவைக்கும் லெய்டன் ஜாடியின் மின்சுமையை இரண்டு விதமாக அளந்து பெற்ற விகிதம். அந்தச் சோதனையில் ஒளி என்ற பேச்சே கிடையாது. எண்ணைப் போட்டதும் நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர் என்று வந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ ஒளியையே நேரடியாக அளந்து சொன்ன வேகமாக மாக்ஸ்வெல் எடுத்துக்கொண்டது 3,14,858. ஜாடியில் தேங்கிய மின்சாரத்தை அளந்தால் வெயிலின் வேகம் கிடைக்கிறது! இயற்பியலில் இதற்கு இணையான தருணங்கள் மிகச் சில என்பது என் எண்ணம். இதை ஒரு வரியில் தாண்டிப்போகும் பாடநூல்கள் மாணவர்களுக்குப் பெரிய அநியாயம் செய்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புலம் கணக்குக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். சூரியனிலிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 500 நொடி ஆகிறது. இந்த நொடியில் கிளம்பிய ஆற்றல் சூரியனை விட்டுப் போய்விட்டது. பூமிக்கு இன்னும் வரவில்லை. நடுவில் இருக்கும் அந்த எட்டு நிமிடம் இருபது நொடியும் அது எங்கே இருக்கிறது? ஆற்றல் அழியாது என்றால் எங்கேயோ இருந்தாக வேண்டும். அது இருக்கும் இடம் புலம். இந்த வாதத்தை மாக்ஸ்வெல்லே வைத்தார். ஆனால் அவர் அதை வைத்து ஈதர் இருந்தாக வேண்டும் என்று முடித்தார். நாம் இன்று, ஆற்றலைச் சுமக்கப் புலமே போதும் என்கிறோம்.

ஆற்றல் மட்டும் இல்லை, உந்தமும் அதில் இருக்கிறது. ஜப்பான் 2010இல் அனுப்பிய இகாரோஸ் விண்கலம் 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயை விரித்தது. வெயில் அதைத் தள்ளிய விசை சுமார் 1.1 மில்லிநியூட்டன். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான். ஆனால் அந்தத் தள்ளல் கலத்தின் வேகத்தில் தெரிந்தது. ஆற்றல் இருக்கிறது, உந்தம் இருக்கிறது, குறிப்பிட்ட வேகத்தில் பயணம் செய்கிறது, தடுத்தால் தள்ளுகிறது. ஒன்றை நிஜம் என்று ஒப்புக்கொள்ள இதற்குமேல் என்ன கேட்பது?

வகுப்பில் காட்ட ஒன்று சொல்கிறேன். மீடியம் வேவ் எடுக்கும் பழைய ரேடியோவின் முள்ளை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்தில் கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்துங்கள். ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோவில் 'டக்' என்று கேட்கும். லைட்டரின் பொறியில் மின்சுமைகள் ஆடின. ரேடியோவுக்குள் இருக்கும் ஏரியல் கம்பிச்சுருளில் எலக்ட்ரான்கள் ஆடின. இரண்டு முனைகளிலும் பொருள் ஆடுகிறது, பையன் கேட்ட அதே அர்த்தத்தில். நடுவே தகவலைக் கொண்டுபோனது புலம். பிறகு நிலையம் ஒன்றைப் பிடித்து, ரேடியோவை அலுமினியக் குண்டானில் வைத்து மூடுங்கள். சத்தம் அமுங்குவது வேறு, நிலையமே மங்கி வெறும் இரைச்சல் மிஞ்சுவது வேறு. காதுக்கே வித்தியாசம் தெரியும். 1887, 88இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் ஹெர்ட்ஸ் செய்ததும் பொறிகளை வைத்துத்தான். ஒரு முனையில் பொறி, எதிரே இடைவெளி விட்ட கம்பி வளையத்தில் குட்டிப் பொறி. சுவரில் துத்தநாகத் தகட்டை மாட்டி அலையைத் திருப்பி அனுப்பி, எங்கே குட்டிப் பொறி மங்குகிறது என்று அறை முழுக்கத் தேடி அலைநீளத்தை அளந்தார்.

காற்று இல்லாவிட்டாலும் இது நடக்குமா என்று அவன் கேட்டால் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லுங்கள். கண்ணாடிக் கலத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சியபோது டிக் டிக் சத்தம் தேய்ந்து மறைந்தது என்று 1660இல் எழுதினார். நம் பாடநூலிலும் மணியை வைத்து இதே சோதனை உண்டு. சத்தம் நின்ற பிறகும் உள்ளே இருக்கும் மணி கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. சோதனையின் அந்தப் பாதியை நாம் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை.

அடுத்து அவன், "அப்போ புலம் எதனால ஆனது?" என்பான். இன்றைய இயற்பியலில் புலத்துக்கு அடியில் இன்னொரு பொருள் இல்லை. எலக்ட்ரானையே எலக்ட்ரான் புலத்தின் கிளர்ச்சி, அதாவது அந்தப் புலத்தில் எழும் ஓர் அதிர்வு என்றுதான் விவரிக்கிறார்கள். அதாவது புலம் எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்வி தலைகீழாகி, பொருளே புலங்களால் ஆனது என்று வந்து நிற்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு இது அதிகம் என்று தயங்க வேண்டாம். கேட்டவனுக்குச் சொல்லலாம்.

அன்புடன்.