முயல் வளர்க்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் மில்லில் வேலை பார்க்கிறார். கையில் 80,000 ரூபாய் சேமிப்பும் 5 பவுன் நகையும் உண்டு. ஒரு நிறுவனம் 7 பெண், 3 ஆண் சேர்த்து 10 முயல்களை ஒரு யூனிட் என்று விற்கிறது. கூண்டோடு 5 யூனிட் 2 லட்சம் ரூபாய். குட்டிகளை கறிக்கு அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம், மாதம் 25,000 வரும் என்கிறார்கள். அதிலேயே கலர் முயலும் வளர்த்து விற்கலாம் என்கிறான் மகன். நகையை வைத்து 1.5 லட்சம் வாங்கி இறங்கலாமா? - ஒரு வாசகி

பதில்: சகோதரி, நகையை வைக்காதீர்கள். முயல் வளர்க்கலாம், ஆனால் 50 வேண்டாம், 5 போதும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

அந்த யூனிட்டையே முதலில் பாருங்கள். 5 பெண் முயலுக்கு ஒரு ஆண் தாராளம். 35 பெண்ணுக்கு 7 ஆண் இருந்தால் போதும், உங்கள் தலையில் 15 கட்டுகிறார்கள். மீதி 8 ஆண்களும் தின்பதைத் தவிர வேறெதற்கும் ஆகாது. ஒன்றுக்கு தினம் 120 கிராம் அடர்தீவனம், கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 12,000 ரூபாய் வீண். உங்கள் லாபத்தை யோசித்துப் போட்ட கணக்காக இது தெரியவில்லை, தலைக்கு இவ்வளவு என்று விற்பவரின் கணக்காகத்தான் தெரிகிறது.

அப்புறம் அந்த 'திரும்ப வாங்கிக்கொள்வோம்'. உங்களிடம் வாங்கும் கறியை அவர்கள் எந்தக் கடைக்கு, எந்த ஓட்டலுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். உங்களிடம் வாங்கும் குட்டி அடுத்தவருக்கு யூனிட்டாகப் போகிறது என்றால், புது ஆள் சேருவது நிற்கும் நாளில் உங்களுக்கு வரும் பணமும் நிற்கும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் நடந்தது இதுதான். பறவைகள் தீவனமில்லாமல் கிடந்து, கடைசியில் அரசாங்கம் தீனி போட வேண்டி வந்தது. பணம் போட்டவர்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். ஒரு ஆண், நாலு பெண். சினைக்காலம் சுமார் 31 நாள், ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டி. வருடம் ஏழெட்டு ஈற்று எடுக்கலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். உங்கள் ஊர் வெயிலில் சித்திரை, வைகாசியில் ஆண் முயலுக்கு விந்து வீரியம் போய்விடும். வெயில் தணிந்தாலும் அது திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதனால் வருடத்துக்கு 4 ஈற்று, ஈற்றுக்கு விற்கும் வயது வரை தேறுவது 5 குட்டி என்று வையுங்கள். நாலு தாய்க்கு 80 குட்டி. மூன்று மாதத்தில் ஒன்று 2 கிலோ வரும். உயிர் எடை கிலோ 250 ரூபாய்க்குப் போனால் மொத்தம் 40,000 ரூபாய்.

செலவு? குட்டிக்கு 4 கிலோ அடர்தீவனம் என்றால் 80 குட்டிக்கு 11,200. பெரிய முயல் ஐந்துக்கும் வருடத்துக்கு 7,700. பால் கொடுக்கும் தாய்க்குக் கூடுதலாக 2,000 வையுங்கள். மருந்து, சில்லறைச் செலவு 4,000. கூண்டு 20,000 ரூபாயில் செய்து ஐந்து வருடம் வந்தால் அதற்கு 4,000. ஆக 29,000 போய், கையில் நிற்பது 11,000. மாதம் 900 ரூபாய் சொச்சம். அதுவும் வேலிமசால், முயல்மசால், அகத்தி என்று பசுந்தீவனத்தைக் கொல்லையிலேயே வளர்த்தால்தான். அத்தனையும் கடைத்தீவனம் என்றால் இதுவும் மிஞ்சாது. 1.5 லட்சம் நகைக்கடனுக்கு 10 சதவீதம் என்றாலே வருட வட்டி 15,000. மாதம் 25,000 என்ற பேச்சை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகன் சொல்லும் கலர் முயல் வேறு வியாபாரம். கறிக்கு வாங்குகிறவர் தராசைத்தான் பார்ப்பார், நிறத்துக்கு ஒரு ரூபாய் கூடத் தரமாட்டார். அஞ்சாறு தோலை வாங்க இங்கே ஆளும் இல்லை. நிறத்துக்குக் காசு கொடுப்பவர் செல்லமாக வளர்க்க வாங்குகிறவர். அவருக்கு டச்சு மாதிரி சின்ன இனம், பால் மறந்த குட்டியாக வேண்டும். கறி இனத்திலும் நிறம் வரும்தான். நியூசிலாந்து வெள்ளையையும் சோவியத் சின்சிலாவையும் சேர்த்தால், இரண்டும் சுத்த இனமாக இருந்தால், முதல் தலைமுறையில் வெள்ளைக் குட்டியே வராது, எல்லாம் நிறத்தோடு பிறக்கும். வெள்ளை உள்ளே ஒளிந்திருக்கும். அந்தக் குட்டிகளை மறுபடி வெள்ளையோடு சேர்த்தால் சுமாராகப் பாதி வெள்ளை. பையனுக்கு ஆர்வம் இருந்தால் இதை அவனிடமே விடுங்கள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை தொங்கட்டும்: தாய், தகப்பன், சேர்த்த தேதி, குட்டி எத்தனை, என்ன நிறம். நிறத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் தங்கையைச் சேர்த்துவிடாமல் அந்த அட்டைதான் காப்பாற்றும்.

வாங்குவதற்கு உங்கள் மாவட்டத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல மையம். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சிலா இரண்டும் அங்கே உண்டு. போய் ஒரு நாள் நின்று பாருங்கள். பெண்ணை ஆணின் கூண்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் பெண் கடித்து விரட்டும். 28ஆம் நாள் ஈற்றுப்பெட்டி வைத்தால் தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. குளிர்ந்த மலையிலிருந்து கீழே வருவதால் கூண்டு மர நிழலில் இருக்க வேண்டும், கோடையில் ஈரச் சாக்கு கட்ட வேண்டும். காட்டு முயலைப் பிடித்து வளர்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். 80,000இல் முயல், கூண்டு, முதல் ஆறு மாதத் தீவனம் எல்லாம் சேர்த்து 35,000ஐத் தாண்ட வேண்டாம். மீதி 45,000 வீட்டு அவசரத்துக்கு வங்கியிலேயே இருக்கட்டும். கூண்டு அடிக்கும் முன்னே இரண்டு கறிக்கடை, ஒரு ஓட்டல், தெரிந்த பத்து வீடு என்று கேட்டு, மாதம் எத்தனை கிலோ எடுப்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கறியாக வெட்டி விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஒரு வருடம் ஓட்டிய பிறகு பெருக்கத் தோன்றினால், கால்நடைக்கான கிசான் கிரெடிட் கார்டில் முயலும் வரும். அரசு வட்டிச் சலுகையோடு, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். கூண்டில் தொங்கும் அட்டைகளையும் விற்ற ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.

இன்னொன்று, நேரம். ஆடிக் கடைசியில் நாலு மாதக் குட்டிகளாக வாங்கினால் ஐப்பசி வாக்கில் இனம் சேர்க்கலாம், கார்த்திகையில் குட்டி, மாசியில்தான் முதல் விற்பனை. நகைக்கடனாக இருந்தால் அந்த ஆறு மாதத்தில் 7,500 ரூபாய் வட்டி ஏறியிருக்கும்.