முனைவர் பட்டமும் தலைமையாசிரியர் நாற்காலியும்: கடற்கரைப் பள்ளிகளிலிருந்து சில கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. எல்லாம் பள்ளி நிர்வாகம், கல்வித் தலைமை ஆகியவற்றில் முனைவர் பட்டம் பெறுவது பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். கல்வி நிர்வாகத்தில் பிஎச்.டி. முடித்தால் தலைமையாசிரியர் பதவி உயர்வில் முன்னுரிமை கிடைக்குமா? (தங்கச்சிமடம்)

கிடைக்காது. அரசுப் பள்ளியில் அந்த நாற்காலி பணிமூப்புப் பட்டியல்படி வருவது. வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு நேரடி நியமனம் வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். இரண்டிலும் உங்கள் பெயருக்கு முன்னால் இருக்கும் 'முனைவர்' ஒரு படிகூட ஏற்றிவிடாது. உயர்கல்வித் தகுதிக்காகக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச்சில் அரசு நிறுத்திவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாகச் சேருங்கள். கல்வியியல் கல்லூரிப் பணிக்கு, எம்.எட். உடன் இந்தப் பட்டமும் இருந்தால் நிச்சயம் உதவும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். துறையின் முன் அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். "முதலில் சேர்ந்துவிடு, அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அலுவலகத்தில் சொன்ன ஒருவரை நம்பி என் நண்பர் ஒருவர் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் உழைத்து வாங்கிய பட்டம் அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறவே இல்லை. வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் எட்.டி. (கல்வியியல் முனைவர்) பட்டம், பதினெட்டு மாதம், முழுவதும் ஆன்லைன் என்று விளம்பரம் வருகிறது. தனியார் பள்ளி முதல்வரான எனக்குப் பொருந்துமா? (கீழக்கரை)

எட்.டி. போலிப் பட்டம் அல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நூறாண்டுகளுக்கு முன்பே அதைத் தொடங்கியது. ஆய்வாளராக வேண்டியவர்களுக்குப் பிஎச்.டி., பள்ளிகளையும் கல்வி மாவட்டங்களையும் நடத்துபவர்களுக்கு எட்.டி. என்பது அங்கே நடைமுறை. தம் பள்ளியின் ஒரு சிக்கலை எடுத்து, அதைத் தீர்க்க முயன்று, என்ன நடந்தது என்று எழுதுவார்கள். நல்ல ஏற்பாடுதான்.

உங்களுக்கு வந்த விளம்பரம் வேறு வகை. வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து இணையவழிக் கல்வி நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் எச்சரித்தன. மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, பாடநெறிக் காலத்தையும் சேர்த்து பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. பதினெட்டு மாதம் என்று சொன்ன இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பெயர்ப்பலகையில் 'டாக்டர்' போடத்தான் பட்டம் என்றால், அதற்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. பெற்றோர் அந்தப் பலகையைப் படித்துவிட்டா பிள்ளையைச் சேர்க்கிறார்கள்?

எனக்கு இரண்டு குழந்தைகள். நிதியுதவிப் பள்ளியில் வேலை. பகுதிநேரமாகச் செய்ய முடியுமா? எத்தனை ஆண்டுகள் இழுக்கலாம்? (பாம்பன்)

முடியும். நிர்வாகத்திடமிருந்து தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்குமளவுக்கு வேலை இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது வரியை எழுதத்தான் நிர்வாகங்கள் தயங்கும். அது இல்லாத சான்றிதழைக் கொண்டுபோய் அலைய வேண்டாம்.

உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு; ஆக மொத்தம் பத்து. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் விதியில் இருக்கிறது.

உண்மையான சிரமம் பாடநெறிதான். குறைந்தது 12 கிரெடிட், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி பற்றிய தாளும் அதில் அடக்கம். பாம்பனிலிருந்து காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் முழுவதும் பஸ்ஸிலேயே கரைந்துவிடும். ஆய்வை வழிநடத்தும் நெறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது வகுப்பு எந்தெந்த நாட்களில் என்பது, தலைப்பெல்லாம் அப்புறம். இன்னொன்று, அவர் ஓய்வுபெற எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

பிஎச்.டி.யில் சேர நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதித்தான் ஆக வேண்டுமா? (தேவிபட்டினம்)

2024 ஜூன் தேர்விலிருந்து நெட்டில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. தகுதி ஓராண்டு செல்லும். தனியாக நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. என்னைக் கேட்டால் நெட்டே எழுதுங்கள். கல்வியியல் தாளில் கல்வி மேலாண்மை, நிர்வாகம், தலைமை என்று ஓர் அலகே இருக்கிறது. அதற்குப் படித்தது வீண்போகாது.

கல்வித் தலைமைக்கென்று தனித் துறை எங்கே இருக்கிறது? (தொண்டி)

டெல்லியில், தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில். நம் பக்கம் பெரும்பாலும் கல்வியியல் துறையில் பதிவு செய்து, தலைப்பை நிர்வாகத்தில் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். பட்டத்தில் 'கல்வியியல்' என்றே இருக்கும். அதனால் குறை ஒன்றும் இல்லை.

'தலைமையாசிரியர்களின் தலைமைப் பண்பும் ஆசிரியர்களின் பணித் திருப்தியும்' என்ற தலைப்பை எடுக்கச் சொல்கிறார் நெறியாளர். எடுக்கலாமா? (மண்டபம்)

எடுத்தால் பட்டம் கிடைத்துவிடும். ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள். மாவட்டப் பெயர் மட்டும் மாறிய இதே தலைப்புகள் வரிசை கட்டி நிற்கும்.

இந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். சிலவற்றை நானே நடத்திவைத்திருக்கிறேன். எங்கோ செய்த வினாநிரலைத் தமிழாக்கம் செய்வார்கள். ஆயிரம் ஆசிரியருக்கு 278 பேர் போதும் என்று 1970-இல் வந்த ஓர் அட்டவணை சொல்கிறது. அந்த 278-ஐ நிரப்புவார்கள். ஆண்–பெண், கிராமம்–நகரம், அரசு–தனியார் என்று பிரித்து வேறுபாடு இருக்கிறதா என்று கணக்குப் போடுவார்கள். பாதியில் இருக்கும், பாதியில் இருக்காது. ஆய்வேடு முடிந்தது.

வினாநிரலே தவறு என்று சொல்லவில்லை. பள்ளித் தலைவரின் கற்பித்தல் மேற்பார்வையை அளக்க 1980-களில் பிலிப் ஹாலிங்கர் உருவாக்கிய அளவுகோலில் 50 கூற்றுகள். உலகெங்கும் பயன்படுவது, நன்றாகச் செய்தது. ஆனால் அதை ஈராசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை கையில் கொடுத்துப் பாருங்கள். மேற்பார்வையிட அவருக்கு இருப்பது ஒரே ஓர் ஆசிரியர். அவரும் அன்று பயிற்சிக்குப் போயிருந்தால், ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தாளில் டிக் போடுவார். எல்லாவற்றுக்கும் 'எப்போதும்' என்றே போடுவார், தாளைச் சீக்கிரம் திருப்பித் தர வேண்டுமே!

மண்டபத்தில் இருந்துகொண்டு தலைப்புக்கு ஏன் அலைகிறீர்கள்? உங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய சின்னக் குறிகளைப் பார்த்தேன். சில தேதிகளுக்கு நேரே 'ப', சிலவற்றுக்கு நேரே 'க'. என்னவென்று கேட்டேன். 'ப' என்றால் விசைப்படகு கடலுக்குப் போகும் நாள், 'க' என்றால் கரை திரும்பும் நாள் என்றார் தலைமையாசிரியை. திங்கள், புதன், சனி என்று படகு போகும் ஊரில், மறுநாள் காலையில் மீன் பிரிக்கும் இடத்தில் கைகள் வேண்டும். 'ப' நாட்களில் வகுப்பு நிறைந்திருக்கிறது. 'க' நாட்களில், அதாவது செவ்வாயும் வியாழனும், நான்காம் ஐந்தாம் வகுப்பில் இடைவெளி விழுகிறது. அதைப் பார்த்து அவர் கணக்குப் பாடத்தைச் செவ்வாயிலிருந்து திங்களுக்கு மாற்றியிருந்தார். எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை, எந்தப் பயிற்சியிலும் கற்றுத் தரவில்லை. தலைமைப் பண்பு என்று நாம் அளக்க நினைப்பது இதைத்தான். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் வருகைச் செயலியில் அன்று எத்தனை பேர் வரவில்லை என்பது இருக்கும். அந்த 'க' இருக்காது.

இதை ஆய்வாக்க முடியும். பத்துப் பள்ளிகளின் இரண்டு ஆண்டுப் பதிவேடுகளைப் படகு நாட்களோடு ஒப்பிடுங்கள். பிறகு, இந்த ஏற்ற இறக்கத்தைத் தலைமையாசிரியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். அந்த வலையில் விழாதீர்கள். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறை.

இது ஒன்றுதான் என்றில்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில், ஆட்சியரின் அறிவிப்பு வருவதற்கு முன் பள்ளியில் யார் என்ன முடிவெடுக்கிறார்கள்? அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட வாரத்தில் அந்தக் குழந்தையைப் பள்ளி எப்படி நடத்துகிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். விடியுமுன் பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள் அந்தக் கூட்டத்துக்கு எந்த நேரத்தில் வர முடியும், வந்தால் பேசுகிறார்களா? நெறியாளரிடம் இவற்றில் ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்.

ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்று ஜெராக்ஸ் கடையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். (ராமநாதபுரம்)

கிழித்துப் போடுங்கள். மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுதியதோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே சிக்கல். தாண்டாவிட்டாலும் வாய்மொழித் தேர்வில் "இந்த அட்டவணையை விளக்குங்கள்" என்று ஒரு புறத்தேர்வாளர் கேட்பார். நோட்டீஸ் ஒட்டியவர் அன்று கூட வரமாட்டார்.

என் வட்டாரப் பள்ளிகளிலேயே ஆய்வு செய்ய நினைக்கிறேன். ஆசிரியர்கள் என்னிடம் மனம் திறந்து பேசுவார்களா? (சாயல்குடி)

முதலில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அடுத்து, அந்தக் கடிதத்தைக் காட்டி உள்ளே நுழையாதீர்கள், பையிலேயே இருக்கட்டும். மேலிடத்துக் கடிதத்தைப் பார்த்தால் ஆய்வு ஆய்வாகத் தெரியாது, ஆய்வுக்கு வந்த அதிகாரியாகத்தான் நீங்கள் தெரிவீர்கள். பள்ளிப் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் ஆய்வேட்டில் வராது என்று சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். கடற்கரைக் கிராமத்தில் "இரண்டு ஆசிரியர்கள், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள பள்ளி" என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் சொந்தப் பள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை அந்தத் தவறைச் செய்தேன். என் தலைமையாசிரியரிடம் ஒன்றரை மணி நேரம் பேட்டி எடுத்தேன். முழுவதும் அவர் என்னைப் பாராட்டியே பேசினார்.