இறுகிய பெல் ஹவுசிங் போல்ட்களை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கேள்வி: குளச்சலை அடுத்த கடலோர ஊரில் வசிக்கிறேன். கொச்சியில் ஒருவரிடமிருந்து பழைய நிசான் 370இசட் காரை வாங்கினேன். ஆறு கியர் கொண்ட மேனுவல் வண்டி. கிளட்ச் வழுக்குவதால் மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கத் தொடங்கினோம். எக்ஸாஸ்ட் நட்டுகள் அசையவில்லை. கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் மேல்பக்கத்து போல்ட்கள் இரண்டும் நகர மறுக்கின்றன. அவற்றில் ஒன்றின் தலை மூலைகள் தேய்ந்து உருளத் தொடங்கிவிட்டது. ஸ்பேனரின் பிடியில் நீளக் குழாய் போட்டுத் திருப்பலாம் என்கிறார் மெக்கானிக். கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்கிறார் அவருடைய நண்பர். எதைச் செய்வது?

பதில்: அந்த இரண்டு போல்ட்களைப் பொறுத்தவரை இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். ஜப்பானியக் கார்களில் 14 மி.மீ தலையுள்ள போல்ட் பெரும்பாலும் எம்10, அதாவது 10 மி.மீ மரை விட்டம் கொண்ட அளவுடையது. 8.8 என்ற வலிமைத் தரத்தில் உள்ள அத்தகைய போல்ட்டை இறுக்க, பொதுவாக 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையே போதும். இரண்டடிக் குழாயின் நுனியில் ஒருவர் 30 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தினால் ஏறக்குறைய 180 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். இறுக்கிய விசையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான இந்த விசைக்கு போல்ட் கழலாவிட்டால் அறுந்துபோகும். ஏற்கெனவே பாதி உருண்ட தலையோ முழுதாக உருண்டு, எந்தச் சாக்கெட்டுக்கும் பிடி கொடுக்காமல் போகும்.

விசையைக் கூட்டுவதற்கு முன், போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். உங்கள் எக்ஸாஸ்ட் நட்டுகளைப் பிடித்திருப்பது இரும்பின் செந்துரு; அது எளிதில் கண்ணுக்குத் தெரியும். பெல் ஹவுசிங்கின் கதை வேறு. இந்தக் காரின் எஞ்சின் பிளாக்கும் கியர்பாக்ஸ் கூடும் அலுமினியத்தால் ஆனவை. அவற்றை இணைப்பவை எஃகு போல்ட்கள். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் மெல்லிய மின்வேதி வினை தொடங்கும். அதில் அரிக்கப்படுவது எஃகு அல்ல, அலுமினியம். அரிப்பில் விளையும் வெள்ளைப் பொடி, தான் உருவாகக் காரணமான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகளுக்கு இடையில் நெருக்கிச் செருகிக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்து, மழையில்லாத நாட்களில் கடற்காற்று வீசும் குமரி மாவட்டக் கரையோரத்திலும், அதேபோன்ற கொச்சியிலும் ஓடிய வண்டியில் இது எதிர்பார்க்கக்கூடியதே. போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் காரணம் இதுதான்.

ஆனால் மேல்பக்கத்து போல்ட்கள் "இறுகிவிட்டன" என்று சொல்லப்படும்போது, அவற்றில் பல உண்மையில் இறுகியிருப்பதே இல்லை என்பது என் கருத்து. சாக்கெட் நேராக உட்காரவில்லை, அவ்வளவுதான். எஞ்சினுக்கும், எஞ்சின் அறையைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் தீச்சுவருக்கும் இடையிலான சந்தில், கண்ணுக்குத் தெரியாத போல்ட்டின் மேல், யூனிவர்சல் ஜாயின்ட் மாட்டிய சாக்கெட்டைச் சாய்வாக வைத்துத் திருப்பினால், விசையின் ஒரு பகுதி சாக்கெட்டைப் பக்கவாட்டில் தள்ளவே செலவாகி, தலையின் விளிம்புகளைத் தின்னும். உங்கள் போல்ட்டின் தலை உருண்டதற்கும் அநேகமாக இதுவே காரணம்.

எனவே முதல் வேலை வழியை நேராக்குவது. வண்டி ஜாக்கின் மேல் அல்லாமல் நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு, கியர்பாக்ஸை டிரான்ஸ்மிஷன் ஜாக்கில் தாங்கி, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை விடுவித்து, கியர்பாக்ஸின் வால்பகுதியை மெல்லத் தாழ்த்துங்கள். எஞ்சின் பின்னோக்கிச் சாயும்போது ரேடியேட்டர் குழாய்களும் ஒயர்களும் இழுபடாமல் ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது கியர்பாக்ஸின் மேலாகவே இரண்டு, மூன்று எக்ஸ்டென்ஷன்களை இணைத்து, வாலுக்குப் பின்னாலிருந்து போல்ட்டுக்கு நேராகப் போக முடியும். எக்ஸ்டென்ஷன் நீளும்போது அது சற்றே முறுகும் என்பதால் கையில் ஒரு நெகிழ்வு தெரியும். அதைப் பார்த்து போல்ட் திரும்பிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சாக்கெட் ஆறு முனை கொண்டதாகவே இருக்கட்டும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் மூலைகளை மட்டுமே பிடிக்கும். ஆறு முனைச் சாக்கெட் பக்கங்களில் அழுந்தும்.

வழி நேரான பிறகும் போல்ட் நகரவில்லை என்றால் எண்ணெய்க்கு வருவோம். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடிக்கிறார்கள். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் அது உருவாக்கப்பட்டதே ஈரத்தை விரட்டுவதற்காகத்தான். மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்கள் அதைவிட நல்ல பலன் தரும். கிடைக்காவிட்டால் அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் சம அளவில் குலுக்கிக் கலந்து விடலாம். அவை நன்றாகக் கலந்து நிற்காது என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அது காயும்வரை தீப்பொறி எதுவும் அருகில் வரக் கூடாது. எண்ணெய் விட்டதும் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் போல்ட் தலையின் நடுவில் ஒரு நீண்ட எஃகுக் கம்பியை வைத்துச் சுத்தியலால் சில முறை சுள்ளென்று தட்டினால் மரைக்குள் இருக்கும் பொடி விரிசல் விடும். அதன்பின் முதலில் கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும். பிடி விட்டுவிட்டது என்று பொருள். பிறகு கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகவே வெளியே கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் திருப்பினால் பொடி மரையை வழித்தெடுத்துவிடும்.

வெப்பம் நல்ல உபாயம். உங்களுக்குச் சொல்லப்பட்ட வடிவத்தில் அல்ல. ஊறுகாய்ப் புட்டியின் தகர மூடியை வெந்நீரில் காட்டித் திறக்கும் அதே கணக்குதான் இங்கும்: அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவடைகிறது. 10 மி.மீ துளையைச் சுற்றி வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் கூடினால், போல்ட்டைவிடத் துளை நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அதிகமாக அகலும். கேட்க அற்பமாக இருக்கலாம். பொடியின் பிடியைத் தளர்த்த அதுவே போதும். இதற்குச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் போதுமானது. போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள கூட்டைச் சூடாக்க வேண்டும். கேஸ் தீச்சுடர் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எஃகு சிவந்து எச்சரிக்கும்; அலுமினியமோ பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமலேயே உருகத் தொடங்கிவிடும். அருகில் எண்ணெய் சீல்கள், ஒயர்கள், எரிபொருள் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. முந்தைய இரவு விட்ட எண்ணெயை முழுதாகத் துடைத்த பிறகே ஹீட் கன்னையும் எடுக்க வேண்டும். வேறு காரில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிஎம்டபிள்யூவின் என்52 போன்ற எஞ்சின்களில் பிளாக்கின் வெளிக்கூடு மக்னீசியக் கலவை, அங்கே தீச்சுடரைப் பற்றி நினைக்கவே கூடாது. அவற்றில் வரும் அலுமினிய போல்ட்களைக் கழற்றினால் புதியவற்றையே மாட்ட வேண்டும்.

எக்ஸாஸ்ட் நட்டுகளில் மட்டும் கேஸ் சுடர் பொருந்தும். இரும்பு நட்டைச் சிவக்கச் சூடாக்கி, சிவப்பு மங்கிய பிறகு திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை முதலில் கழற்றிவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சுடரோ வெல்டிங்கோ வைத்தால் உயிருக்கே ஆபத்தான நச்சு வாயு உண்டாகும் என்பதை மெக்கானிக்கிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நட்டைப் பிளக்கும் கருவி இருந்தால் சுடருக்கே தேவையில்லை. புதிய நட்டின் விலை சொற்பம்.

இனி உருண்ட தலைக்கு வருவோம். அதன் எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் தேய்த்து 13 மி.மீ சாக்கெட்டை அடித்து ஏற்றலாம், அல்லது உட்புறம் முறுக்குப் பற்கள் கொண்ட, உருண்ட போல்ட்களுக்கென்றே வரும் சாக்கெட்டைப் பயன்படுத்தலாம். அதுவும் பிடிக்காவிட்டால் தலையைத் துளைத்தே எடுத்துவிடுங்கள். இதைச் சொன்னால் பலர் பதறுவார்கள். ஆனால் பெல் ஹவுசிங்கைப் பொறுத்தவரை தலை போவது பேரிழப்பு அல்ல. தலை போனதும் போல்ட்டின் இழுவிசை முழுதும் தளர்ந்துவிடும். மற்ற போல்ட்களைக் கழற்றி கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்தால், மீதித் தண்டு பிளாக்கிலிருந்து விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் இடம் கிடைத்துவிட்டதால் ஹீட் கன்னும் வைஸ் கிரிப்பும் கொண்டு அதை நிதானமாகத் திருப்பலாம். தேவைப்பட்டால் ஒரு நட்டை அதன்மேல் வெல்டு செய்யலாம். வெல்டு செய்வதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும். தண்டின் நடுவில் துளையிட்டு, ஈஸி அவுட் எனப்படும் எக்ஸ்ட்ராக்டரை உள்ளே செலுத்தித் திருகி எடுக்கும் யோசனையை மட்டும் கடைசிவரை தள்ளிவையுங்கள். மிகக் கடினமான எஃகால் ஆன அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதை வெட்டாது. பிறகு லேத் பட்டறைக்கு எஞ்சினையே தூக்கிச் செல்ல நேரும்.

எல்லா போல்ட்களும் வந்த பிறகும் கியர்பாக்ஸ் பிரியாமல் நிற்பதுண்டு. அப்போது இணைப்பில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அலுமினிய முகம் காயப்பட்டால் மறுபடி சீராக உட்காராது. எஞ்சின் பக்கத்திலிருந்து மாட்டப்பட்ட போல்ட் ஏதேனும் விட்டுப்போயிற்றா என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணிக்கை சரி என்றால் பிடித்திருப்பவை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேர்ப்படுத்தும் இரு டவல் பின்கள்; அவற்றைச் சுற்றி எண்ணெய் விட்டு ரப்பர் சுத்தியலால் இருபுறமும் மாறி மாறித் தட்டினால் விடும்.

உள்ளே கிளட்ச் தட்டை அழுத்தும் பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் ஆகியவற்றின் போல்ட்களும் முரண்டு பிடிக்கலாம். அங்கே காரணம் துரு அல்ல, மரையில் தடவிய பசையாக இருக்கும். அதிக வலிமையுள்ள சிவப்புப் பசை 250 டிகிரி அளவில்தான் இளகும். அங்கே போல்ட் தலையையே சூடாக்க வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்களைக் குறுக்கு மறுக்காக, அரை அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். கிளட்ச் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். 370இசட்டில் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கிறது. அது பழுதாகும் பழக்கமுள்ள பாகம் என்பதால், நன்றாக வேலை செய்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது போல்ட்களின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால், ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். மரைத் துளைகளைச் சுத்தம் செய்து, பெல் ஹவுசிங் போல்ட்களில் மட்டும், மரை மறுபடி இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவலாம். பூசிய மரை எளிதாக வழுக்கும். எனவே உலர்ந்த மரைக்காகச் சொல்லப்பட்ட விசையில் அதை இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மேனுவல் சொல்லும் அளவிலிருந்து சற்றுக் குறைத்தே டார்க் ரெஞ்சை அமையுங்கள். ஃப்ளைவீல் போல்ட்களில் இந்தப் பேஸ்ட் படவே கூடாது.