கேள்வி கேட்டால் மட்டும் போதுமா?

பொய்த் தகவல் இவ்வளவு பரவும் காலத்தில், எல்லோரும் நம்புவதை அப்படியே ஏற்காமல் சுயமாகச் சிந்திப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் இன்று பரவும் பொய்களில் பல, கேள்வி கேட்பது போலவே வருகின்றன. "உங்களிடம் மறைக்கப்பட்ட உண்மை", "எந்த மருத்துவரும் இதைச் சொல்ல மாட்டார்" என்றுதான் தொடங்கும். அதை நம்புகிறவர், ஊரோடு ஒத்துப்போகாமல் தானாக யோசிப்பதாகவே நினைத்துக்கொள்கிறார். அதனால் மறுப்பையும் அதே கண்டிப்போடு விசாரிக்க வேண்டும் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்பினாச் கீரை. அதில் இரும்புச்சத்து மிக அதிகம் என்பது பரவலான நம்பிக்கை. 'அது தவறு, பழைய ஆய்வில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்ததால் அளவு பத்து மடங்காகிவிட்டது' என்பது அதற்குச் சொல்லப்படும் மறுப்பு. 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் இதைச் சொன்னது. பிறகு எத்தனையோ பேர், அறிவியலாளர்கள் உட்பட, அறிவியலில் கவனம் வேண்டும் என்பதற்கு இந்தக் கதையையே எடுத்துக்காட்டினார்கள். மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். அப்படி ஒரு தசமப் புள்ளிப் பிழை நடந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்று 2010-இல் எழுதினார். கீரையில் இரும்பு இருக்கிறது, அது நம் உடலில் குறைவாகத்தான் சேர்கிறது. விஷயம் அவ்வளவுதான். கதை சுவையாக இருந்ததால் யாரும் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை!

அப்படியானால் நல்ல கேள்வியை எப்படி அடையாளம் காண்பது? கேட்டவர் அடுத்து என்ன செய்தார் என்று நான் பார்ப்பேன்.

வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். இரைப்பையில் அழற்சி வந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது இந்தத் துணிச்சல்தான். ஆனால் அவர்களை வெல்ல வைத்தது வேறு: கிருமியை மருந்தால் ஒழித்தால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்பதை மற்ற மருத்துவர்களும் சோதித்துப் பார்க்க முடிந்தது. 2005-இல் நோபல் பரிசு வந்தது.

1998-இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் ஏற்கப்பட்ட கருத்தைத்தான் கேள்வி கேட்டார். வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பிறர் செய்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அவரது கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ், 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. அவரது மருத்துவ உரிமமும் பறிபோனது. அப்படியும் அந்தப் பயம் இன்னும் பல பெற்றோர்களை விட்டுப் போகவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் விலை கொடுப்பது குழந்தைகள்.

சரி, நம்மால் ஆய்வுக்கூடம் வைக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். ஒரு செய்தி உண்மையா என்று பார்க்க அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரி வரியாகப் படிக்காமல், வெளியே வந்து, அதைச் சொல்பவர் யார், இதே விஷயத்தில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். தேடும்போது "இது பொய் என்றால் எப்படித் தெரியும்?" என்ற கோணத்திலும் தேடுங்கள். நமக்குப் பிடித்த பதிலுக்குச் சாதகமானதை மட்டும் தேடினால் அதுதான் கிடைக்கும்.

வருகிற எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க யாருக்கும் நேரம் இருக்காது. உடல்நலம், பணம், ஒரு கூட்டத்தார் மீது வெறுப்பு, இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் செய்தி என்றால் கட்டாயம் சோதிப்பேன். மற்றவற்றை யாருக்கும் அனுப்பாமல் கடந்துவிடுவேன்.