யோபு காத்திருக்கட்டும், ரூத்தைக் கையில் எடு

கேள்வி: அம்மா, தமிழ் எம்.ஏ. முடித்த பிறகு இறையியல் கல்லூரியில் பி.டி. படித்தேன். எபிரெயத்தில் நல்ல மதிப்பெண். அந்தத் தைரியத்தில் பழைய ஏற்பாட்டுப் பிரிவில் எம்.டிஎச். சேர்ந்துவிட்டேன். வாரம் ஒருநாள் மூலபாட வாசிப்பு வகுப்பு. இந்தப் பருவத்தில் யோபு. ஆளுக்கு நான்கைந்து வசனம் வாசித்து விளக்க வேண்டும். கணினிச் செயலியில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்து, பொருளைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன். "இந்த வினை ஏன் பியேல் வடிவத்தில் இருக்கிறது?" என்று பேராசிரியர் கேட்டால் வாயடைத்து நிற்கிறேன். கூடப் படிக்கும் ஒருவர் உயிர்க்குறிகளே இல்லாத பிரதியைச் சரளமாக வாசிக்கிறார். எனக்கு எபிரெயம் வராது என்று தோன்றுகிறது. வேறு பிரிவுக்கு மாறிவிடலாமா?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அன்பு மகளுக்கு, என் மகள் வயதுதான் இருப்பாய் என்பதால் ஒருமையில் எழுதுகிறேன். மாறாதே. இந்தப் பருவம் முடியும்வரையாவது மாறாதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இலக்கணம் தெரியாதவள் எழுதிய கடிதம் இல்லை அது. வாசித்துப் பழகாதவள் எழுதியது. பி.டி.யில் நமக்கு வினை வாய்பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கால், நிஃபால், பியேல், புவால், ஹிஃபீல், ஹொஃபால், ஹித்பயேல் என்று ஏழு வினை வடிவங்களையும் மனப்பாடம் செய்கிறோம், தேர்வு எழுதுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம். பக்கம் பக்கமாக வாசிப்பதற்கு அங்கே நேரம் இருப்பதில்லை. அங்கிருந்து நேரே யோபுவின் கவிதைக்குப் போவது, பள்ளிப் பாடநூலில் தமிழ் கற்ற ஒருவர் அடுத்த வாரமே பதிற்றுப்பத்தைப் பிரிப்பது போன்றது. எபிரெய வேதாகமம் முழுவதிலும் ஒரே ஒருமுறை மட்டும் வரும் சொற்கள் யோபுவில் மிக அதிகம். அங்கே பெரிய அறிஞர்களே ஆளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்கள். அந்த இடத்தில் நீ திணறுவதை வைத்து உன் திறமையை அளக்காதே.

நானும் இதே இடத்தில் நின்றவள்தான். முதுகலை முதல் ஆண்டில், தயார் செய்து கொண்டுபோன தாளை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டு, "இப்போது வாசி" என்றார். வாசிக்க முடியவில்லை. அன்று இரவு அழுதேன். மறுநாள் பழைய ஏற்பாட்டின் ரூத் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

ரூத் நான்கே அதிகாரம், 85 வசனம். எளிய உரைநடை, பாதிக்கு மேல் உரையாடல். தினமும் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒரு மாதத்துக்குள் மூன்று முறை முடி. வாய்விட்டு வாசி. கண்ணால் மட்டும் வாசித்தால் செயலியின் நினைவு வரும், வாயால் வாசித்தால் சொல் காதில் தங்கும். முதல் அதிகாரத்தை அப்படி வாசிக்கும்போது 'ஷூவ்' என்ற ஒரு வேர் திரும்பத் திரும்ப வருவது தானாகக் கேட்கும். எண்ணிப் பார், 12 முறை வரும். மோவாப் நாட்டிலிருந்து திரும்புவது, மருமக்களைத் திரும்பிப் போகச் சொல்வது, ஒருத்தி திரும்பிவிடுவது, இன்னொருத்தி திரும்ப மறுப்பது. 21ஆம் வசனத்தில் ரூத்தின் மாமியார் நகோமி அதே வேரை ஹிஃபீலில் சொல்கிறாள், கர்த்தர் தன்னை வெறுமையாய்த் திரும்பிவரப் பண்ணினார் என்று. தமிழ் எம்.ஏ. படித்த உனக்கு இதை விளக்கவும் வேண்டுமா? திரும்பினாள் தன்வினை, திருப்பினார் பிறவினை. ஹிஃபீலுக்கு வேறு பயன்களும் உண்டு, ஆனால் முதல் வாசல் இதுதான். பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகிய கைக்குப் பகுதி, விகுதி பிரிப்பது புதிய வேலையே இல்லை. அந்தப் பழக்கத்தைச் செயலியிடம் ஒப்படைத்துவிட்டாய், அதைத் திரும்ப வாங்கு.

இரண்டாம் அதிகாரத்தில் வயலின் சொந்தக்காரன் போவாஸ் ரூத்திடம், இஸ்ரவேலின் தேவனுடைய செட்டைகளின் கீழ் நீ அடைக்கலமாய் வந்திருக்கிறாய் என்கிறான். மூன்றாம் அதிகாரத்தில், நள்ளிரவில், களத்தில், ரூத் அவனிடம் உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்கிறாள். தமிழ் வேதாகமத்தில் செட்டை வேறு, போர்வை வேறு. எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல், 'கானாஃப்'. சிறகும் அதுதான், ஆடையின் ஓரமும் அதுதான். கடவுளின் சிறகு என்று பேசினாயே, அந்தச் சிறகாக நீயே இரு என்று அவன் சொல்லையே அவனிடம் திருப்பிக் கொடுக்கிறாள். நான் இதை முதன்முதலாகக் கவனித்தது மூன்றாவது வாசிப்பில்தான். செயலி இரண்டு இடத்திலும் சரியான பொருளைத்தான் காட்டும். ஆனால் இடையில் இருக்கும் 19 வசனங்களைத் தாண்டி அந்தச் சொல்லை உன் காது நினைவில் வைத்திருந்தால்தான் இது உனக்குக் கிடைக்கும்.

சரி, யோபு வகுப்பு நடந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு என்ன செய்வது? முதல் இரண்டு அதிகாரங்களும் உரைநடை, அவற்றை நன்றாகப் பிடித்துக்கொள். முதல் அதிகாரம் 10ஆம் வசனத்தில் சாத்தான் யோபுவைப் பற்றிக் கடவுளிடம், அவன் கைகளின் கிரியையை ஆசீர்வதித்தீர் என்கிறான். அடுத்த வசனத்தில், அவன் உம்மைத் தூஷிப்பான் என்கிறான். 21இல் யோபு, கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம் என்கிறான். தமிழில் மூன்று சொல், எபிரெயத்தில் மூன்றுக்கும் ஒரே வேர்: பெத், ரேஷ், காஃப், 'ஆசீர்வதி' என்னும் வேர். முதல் இரண்டும் பியேல், மூன்றாவது அதன் செயப்பாட்டு வடிவமான புவால். இரண்டாம் அதிகாரத்தில் யோபுவின் மனைவி சொல்லும் தூஷணமும் அந்த வேர்தான். கடவுளைத் தூஷி என்று எழுத்தில் வைக்கக் கூசி, 'ஆசீர்வதி' என்று எழுதினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. இதற்கு நன்னூலில் பெயர் இருக்கிறது, மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் அமர்த்து என்பதும் நம் வீட்டு வழக்கம். அடுத்த முறை "ஏன் பியேல்?" என்று கேட்டால் இந்த மூன்று வசனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பேசு. வகுப்பில் இருக்கும் யாரையும்விட நீ இதை நன்றாகப் பேசுவாய் என்று நம்புகிறேன்.

செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதலில் பென்சிலால் நீயே பிரித்து எழுது, தெரியாததை வெறுமையாய் விடு, இரவில் செயலியைத் திறந்து, அது சொன்னதை மட்டும் சிவப்பு மையில் நிரப்பு. வாரா வாரம் சிவப்பு குறைவது கண்ணுக்குத் தெரியும். அப்புறம், 1906இல் வந்த பிரௌன்-டிரைவர்-பிரிக்ஸ் எபிரெய அகராதியை அச்சுப் புத்தகமாகவே மேசையில் வை. அது வேர் வரிசையில் அமைந்த அகராதி. வேரைக் கண்டுபிடித்தால்தான் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியும். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உயிர்க்குறி இல்லாமல் வாசிக்கும் அந்த நண்பரைப் பார்த்துப் பயப்படாதே. பழைய ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். நம் பதிப்பாசிரியர்கள் எப்படி வாசித்தார்கள்? மொழி முன்பே அவர்கள் காதில் இருந்தது. மெய்யெழுத்து மட்டுமே இருந்த பாடத்துக்குத் திபேரியாவின் மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள் உயிர்க்குறியிடுவதற்கு முன்பு எபிரெயத்தையும் அப்படித்தான் வாசித்தார்கள். ரூத்தை மூன்றாம் முறை முடித்த பிறகு, குறியில்லாத பிரதியில் அதையே எடுத்துப் பார். வாசிப்பாய்.

பேராசிரியரிடம் உன் நிலையை மறைக்காதே. இந்த வாரமே அவர் அறைக்குப் போய், இதுவரை செயலியை நம்பித்தான் வந்தேன், இனி இரண்டு வசனம்தான் தயார் செய்ய முடியும், ஆனால் அதை நானே செய்வேன் என்று சொல். நல்ல ஆசிரியர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மூலபாட ஒப்பீடு, பக்க அடியில் இருக்கும் லத்தீன் சுருக்கக் குறிகள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துவிடு. 1008ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்ட எபிரெய வேதாகமத்தின் ஸ்டுட்கார்ட் பதிப்பில் ரூத் 3:5ஐயும் 3:17ஐயும் திற. 'என்னிடம்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் மெய்யெழுத்துகள் இருக்காது, உயிர்க்குறிகள் மட்டும் தனியே நிற்கும். வழிவழியாக வாசித்துவந்த சொல் அது, ஆனால் எழுத்தில் இல்லை. இல்லாத எழுத்தைச் சேர்க்க மசோரெத்துகளுக்கு மனம் வரவில்லை, வாசிப்பை விடவும் மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று எனக்கு ஒரு வரி எழுது.